நெருக்கடி வந்த முதல் 24 மணி நேரம்: கொழும்பில் கடை, கம்பனி, நிறுவனம் நடத்துவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சாப்பாட்டில் ஏதோ கிடந்தது என்று ஒரு காணொளி, களஞ்சியசாலையில் தீ, வாடிக்கையாளர் விவரங்கள் களவு, ஊழியர் ஒருவர் மீது பாரதூரமான குற்றச்சாட்டு. எதுவானாலும் பெரும்பாலான முதலாளிமார் முதலில் யோசிப்பது, பேஸ்புக்கில் என்ன போடலாம் என்றுதான். அறிக்கை எழுதுவது ஐந்தாவது, ஆறாவது வேலை. அதற்கு முந்திய வேலைகளை விட்டுவிட்டு எழுதினால் மறுநாளே அதைத் திருத்த வேண்டி வரும். திருத்திய அறிக்கையைச் சனம் லேசில் நம்பாது.

அதனால் இந்த வழிகாட்டியில் ஒழுங்குதான் முக்கியம். விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தையில் காலி வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடை, தெஹிவளையில் இன்னொரு கிளை. வெள்ளிக்கிழமை இரவு 9.10க்கு ஒரு அழைப்பு வருகிறது: பார்சல் கோழிக் கொத்துச் சாப்பிட்ட மூன்று பேருக்கு வாந்தி.

1. பிரச்சினை இல்லாத நாளில் செய்து வைக்க வேண்டியவை

முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் என்று எழுதி வையுங்கள். முதலாளி கனடாவில் தூங்கிக்கொண்டிருக்கும்போது கிளையை மூடலாமா என்று கேட்க ஆளில்லாமல் மூன்று மணி நேரம் போய்விடும். ‘ஆட்களுக்கு ஆபத்து என்றால் கிளை முகாமையாளரே மூடலாம், யாரிடமும் கேட்கத் தேவையில்லை’ என்ற ஒரு வரி எழுத்தில் இருந்தால் போதும்.

வெளியே பேசுபவர் ஒருவர், அவர் இல்லாத நேரத்துக்கு இன்னொருவர். முதலாளிதான் பேச வேண்டும் என்றில்லை. கோபம் வந்தாலும் குரல் உயர்த்தாதவராக, தெரியாததைத் தெரியாது என்று சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். இருவரில் ஒருவருக்காவது சிங்களம் சரளமாக வர வேண்டும்.

பேஸ்புக் பக்கமும் கூகுள் கணக்கும் யார் கையில் இருக்கின்றன என்று பாருங்கள். பல கடைகளில் கடவுச்சொல், எப்போதோ விளம்பரம் செய்து தந்த தம்பியிடம்தான் இருக்கிறது. நெருக்கடி நேரத்தில் அவர் தொலைபேசி எடுக்காவிட்டால் உங்கள் பக்கம் உங்களுக்கே பூட்டு.

தொடர்பு எண்களைத் தாளில் அச்சடித்துக் காசாளர் மேசையில் ஒட்டுங்கள். பொலிஸ் 119, தீயணைப்பு 110, சுவசெரிய அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. இவற்றோடு உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், சட்டத்தரணி, காப்புறுதி முகவர், கட்டட உரிமையாளர், எல்லா ஊழியர்களும்.

வட்ஸ்அப் குழு ஒன்றை மட்டும் நம்பியிருக்காதீர்கள். 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின்னும், 2022 ஏப்ரல் ஊரடங்கின்போதும் நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. ஊழியர் பத்திரமா என்று கேட்கவே வழியில்லாமல் போனவர்கள் அப்போது இருந்தார்கள். யார் யாரை அழைப்பது என்ற தொலைபேசிச் சங்கிலி ஒன்று இருக்கட்டும். வாடிக்கையாளர்களுக்கு மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பக் கடையின் பெயர் வர வேண்டுமென்றால் அதை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். வெள்ளி இரவு கேட்டால் கிடைக்காது.

2. முதலில் ஆட்கள், அப்புறம் ஆதாரம்

அழைப்பு வந்ததும் பாதிக்கப்பட்டவர்களிடம் ஒருவரை நேரில் அனுப்புங்கள். போகிறவர் ‘எங்கள் சாப்பாட்டால் இருக்காது’ என்று வாதாடவும் கூடாது, காசு நீட்டவும் கூடாது. ‘அம்மா, இப்ப எப்படி இருக்கு? டொக்டர் என்ன சொன்னவர்? எங்களால ஏதும் செய்ய வேணுமா?’ என்று கேட்டு, தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தால் சரி. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்ற வருத்தம்தான் மிகப் பல வேளைகளில் காணொளியாக மாறுகிறது.

அதே நேரத்தில் ஆபத்து பரவாமல் நிறுத்த வேண்டும். அந்தக் கிளையில் சமையலை நிறுத்துங்கள். அதே கோழி தெஹிவளைக்கும் போயிருந்தால் அங்கேயும் நிறுத்துங்கள். ஒரு இரவு வியாபாரம் போகும், உண்மைதான். நான்காவது ஆள் வைத்தியசாலைக்குப் போனால் போவது அதைவிட மிக அதிகம்.

புதியவர்கள் தவறும் இடம் இதற்கு அடுத்தது. பயத்தில் சமையலறையைக் கழுவித் துடைத்து, மிஞ்சிய சாப்பாட்டைக் கொட்டிவிடுகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் மாதிரி எடுக்கப் பரிசோதகர் வரும்போது ஒன்றும் இருக்காது. பார்ப்பவருக்கு அது ஆதாரத்தை அழித்தது போலத்தான் தெரியும். உங்கள் பக்கம் பிழையில்லை என்று காட்டக்கூடிய ஒரே சாட்சியும் அதோடு போய்விடும். மிஞ்சியதை மூடி, நேரம் எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் தனியாக வையுங்கள்.

சிசிடிவிப் பதிவையும் அன்றிரவே வேறாகச் சேமியுங்கள். கருவியில் இடம் நிரம்பியதும் பழைய பதிவின் மேல் புதியது தானாகவே எழுதப்பட்டுவிடும். பற்றுச்சீட்டுகள், கொள்வனவுச் சிட்டைகள், அன்று வேலைக்கு வந்தோர் பட்டியல் எல்லாம் ஒரு கோப்பில் சேரட்டும்.

3. ஒரே ஒரு உண்மைத் தாள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். முதலாளி ஒன்று சொல்வார், முகாமையாளர் இன்னொன்று, வட்ஸ்அப்பில் மூன்றாவது கதை. எல்லோரும் பார்த்துப் பேச ஒரு தாள் இல்லாததே காரணம். ஒருவர் மட்டும் எழுதட்டும். ஒவ்வொரு வரியிலும் நேரம், நடந்தது, சொன்னவர் யார், உறுதியா என்ற நான்கும் இருக்க வேண்டும். இப்படி:

இரவு 9.10: காலி வீதிக் கிளையில் வாங்கிய பார்சலைச் சாப்பிட்ட மூவருக்கு வாந்தி. சொன்னவர்: குடும்பத்தின் மகன், தொலைபேசியில். இன்னும் உறுதியில்லை.

இரவு 9.45: மூவரும் களுபோவில வைத்தியசாலையில். சொன்னவர்: எங்கள் உதவி முகாமையாளர், நேரில் பார்த்தார். உறுதி.

இரவு 9.50: பார்சல் வாங்கியது மாலை 6.20. ஆதாரம்: பற்றுச்சீட்டு. உறுதி.

இரவு 10.00: மதியம் வந்த கோழியில் மிச்சம் தனியாக வைக்கப்பட்டது. உறுதி.

காரணம்: தெரியாது.

‘உறுதி’ என்று இருக்கும் வரிகள் மட்டுமே வெளியே போகலாம். கடைசி வரியை அழிக்கச் சொல்லி எல்லாப் பக்கமிருந்தும் நெருக்குவார்கள். கோழி தந்தவர் மேல் பழி போடலாம், மின்வெட்டு என்று சொல்லலாம் என்பார்கள். கேட்காதீர்கள்.

2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் போனபோது, பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று வலுசக்தி அமைச்சர் அன்றே சொன்னார். ஞாயிற்றுக்கிழமையின் குறைந்த தேவை, கட்டமைப்பில் சூரிய மின்சாரத்தின் பங்கு கூடியிருந்தது, அதனால் ஒரு சிறு அதிர்ச்சியையும் தாங்க முடியாமல் போனது என்ற தொழில்நுட்ப விளக்கம் பிறகே வந்தது. அதற்குள் குரங்குக் கதை உலகம் சுற்றிவிட்டது. எந்தக் காரணம் முதலில் வெளியே போகிறதோ அதுதான் சனத்தின் மனதில் நிற்கும். விசாரணை முடியும் முன் காரணம் சொல்லாதீர்கள்.

4. அறிவிக்க வேண்டியவர்களுக்கு முதலில் அறிவியுங்கள்

அதிகாரிகள் உங்கள் செய்தியைப் பேஸ்புக்கில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. உணவு என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். தொழிற்சாலையில் உயிரிழப்போ கடுங்காயமோ என்றால் பொலிஸ், அத்தோடு தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர். கணினி ஊடுருவல் என்றால் ஸ்ரீலங்கா சேர்ட் என்ற தேசிய கணினி அவசர உதவி அமைப்பு. வாடிக்கையாளர் விவரங்கள் களவு போயிருந்தால் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இப்போது உங்களுக்கு உள்ள கடமை என்ன என்று சட்டத்தரணியிடம் அன்றே கேளுங்கள். கொழும்பு பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனியாக இருந்தால், பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய செய்தி ஊடகத்துக்குப் போகும் முன் சந்தைக்குப் போக வேண்டும்.

காப்புறுதிக் கம்பனிக்கும் சொல்லுங்கள். உடனே அறிவிக்க வேண்டும், அவர்களைக் கேட்காமல் பொறுப்பை எழுத்தில் ஏற்கக் கூடாது என்று பல காப்புறுதி ஒப்பந்தங்களில் நிபந்தனை உண்டு. இதைக் காரணம் காட்டிச் சிலர் வாயே திறப்பதில்லை. வருத்தம் தெரிவிப்பதும் பாதிக்கப்பட்டவர்களைப் போய்ப் பார்ப்பதும் பொறுப்பை ஏற்பது ஆகாது. எந்தச் சொல்லில் சொல்லலாம் என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள்; சொல்லலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் பதில் வரும்.

5. வெளியாருக்கு முன் ஊழியர்களுக்கு

காசாளரிடமும் பரிமாறுபவரிடமும்தான் முதல் கேள்வி வரும். கைத்தொலைபேசிக் கமரா முதலில் திரும்புவதும் அவர்கள் பக்கம்தான்.

இந்த நாட்டில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2018 பெப்ரவரி அம்பாறைச் சம்பவம் போதும். முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் ஒரு கட்டி இருந்தது. ஆட்களை மலடாக்கும் மாத்திரை போட்டிருக்கிறார்கள் என்று கூட்டம் கூடியது. சிங்களம் அவ்வளவாகத் தெரியாத காசாளரைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். கேள்வி விளங்காமல் அவர் சொன்ன பதில் ஒப்புதல் வாக்குமூலம் போலக் காணொளியாகப் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அந்தக் கட்டி வெறும் மா என்று அரசாங்கப் பகுப்பாய்வாளர் பிறகு உறுதிப்படுத்தினார். அப்படி ஒரு மாத்திரையே இல்லை என்பதையும் மருத்துவர்கள் சொன்னார்கள். எல்லாம் எரிந்த பிறகு.

ஆகவே முன்னால் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வசனம் சிங்களத்திலும் தமிழிலும் மனப்பாடமாக இருக்க வேண்டும்: ‘உங்கள் கேள்வி முக்கியம். எனக்குச் சரியான விபரம் தெரியாது. இதோ எங்கள் முகாமையாளரின் எண், அவர் உடனே பேசுவார்.’ ஆம், இல்லை என்று பதில் சொல்லத் தேவையில்லை. கூட்டம் கூடினால் கடையைப் பூட்டிவிட்டு 119 ஐ அழைக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பதையும் சொல்லி வையுங்கள். சம்பளத்துக்கு வேலை செய்யும் பிள்ளையைக் கூட்டத்தின் முன் தனியே விடாதீர்கள்.

ஊழியர்களைக் கூப்பிட்டுத் தாளில் உள்ளதை அப்படியே சொல்லுங்கள். ‘வெளியே ஒன்றும் சொல்லக் கூடாது’ என்று அதட்டினால் அந்த அதட்டலே ஸ்கிரீன்ஷொட்டாக வெளியே வரும். வேலை போகுமா, கடை திறக்குமா என்று கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்லி, தெரியாததற்கு எப்போது பதில் கிடைக்கும் என்று நேரம் குறிப்பிடுங்கள்.

6. முதல் அறிக்கை

இப்போதுதான் எழுத வேண்டும். மேலே உள்ளவற்றை ஆட்கள் பகிர்ந்து செய்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் இந்த இடத்துக்கு வந்துவிடலாம். எங்கள் கற்பனைக் கடையின் அறிக்கை இப்படி இருக்கும்:

‘இன்று மாலை எங்கள் காலி வீதிக் கிளையில் வாங்கிய உணவை உண்ட மூவர் சுகவீனமடைந்து வைத்தியசாலையில் சிகிச்சை பெறுகிறார்கள். இப்படி நேர்ந்ததற்கு மிகவும் வருந்துகிறோம். குடும்பத்தாரோடு தொடர்பில் இருக்கிறோம். இரு கிளைகளிலும் சமையலை நிறுத்திவிட்டோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்துள்ளோம். காரணம் இன்னும் தெரியவில்லை. இன்று எங்களிடம் வாங்கிய கோழிக் கொத்து உங்களிடம் இருந்தால் தயவுசெய்து உண்ண வேண்டாம். வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் வைத்தியரிடம் செல்லுங்கள்; எங்களுக்கும் தெரியப்படுத்துங்கள். அடுத்த தகவலை நாளை காலை 8 மணிக்குத் தருவோம்.’

கீழே ஒரு தொலைபேசி எண்ணும், பொறுப்பாக ஒருவரின் பெயரும் பதவியும்.

இதில் பாதிக்கப்பட்டவர்கள் முதலில் வருகிறார்கள், கடை பிறகு. அவர்களின் பெயரோ வயதோ இல்லை. அது அவர்களுடைய விஷயம். வாசிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்ற வரி இருக்கிறது. அது இல்லாத அறிக்கை கடைக்கு மட்டும்தான் உதவும். அடுத்த தகவலுக்கு நேரம் சொல்லியிருப்பதால் அதுவரை ஊகம் ஓரளவு அடங்கும், ஊடகவியலாளருக்கும் காத்திருக்க ஒரு காரணம் கிடைக்கும்.

சேர்க்கக் கூடாதவையும் உண்டு. ‘பல வருடங்களாக மக்களின் நம்பிக்கையை வென்ற எமது நிறுவனம்’ என்று தொடங்காதீர்கள். வைத்தியசாலையில் மகளோடு இருக்கும் தாய் அதை வாசிப்பார். ‘சிலர் திட்டமிட்டுப் பரப்பும் வதந்தி’ என்றும் எழுதாதீர்கள். அது வதந்திதான் என்று நிரூபணமான பிறகு எழுத நேரம் இருக்கிறது.

7. மூன்று மொழியிலும் ஒரே நேரத்தில்

ஆங்கிலத்தில் எழுதி, சிங்களத்தில் போட்டு, தமிழை மறுநாள் பார்ப்போம் என்று விடுவது கொழும்பில் சாதாரணமாகிவிட்டது. வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் அந்த உணவை உண்டவர்களில் பலர் தமிழர்கள். ‘உண்ண வேண்டாம்’ என்ற வரி அவர்களுக்கு மட்டும் பன்னிரண்டு மணி நேரம் பிந்திப் போகலாமா?

ஒரு மொழியிலிருந்து மற்றதற்கு மாற்றுவதைவிட, உண்மைத் தாளைப் பார்த்து மூன்றையும் தனித்தனியே எழுதுவது நல்லது. வசனம் இயல்பாக வரும், வேகமும் கூடும். எழுதிய பின் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிக்கை, நேரம், கிளையின் பெயர், தொலைபேசி எண் நான்கையும் ஒருவர் விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஒன்றில் மூவர், இன்னொன்றில் ஐவர் என்றிருந்தால் எதையோ மறைப்பதாகப் பேச்சு வரும். இணைய மொழிபெயர்ப்பை அப்படியே போடாதீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம்: தமிழைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். யுனிகோடில் எழுதி, படமாகவும் எழுத்தாகவும் இரண்டு விதமாகவும் போடுங்கள்.

8. ஊடகத்திலிருந்து அழைப்பு வந்தால்

பெயர், ஊடகம், கேள்வி, எத்தனை மணிக்குள் பதில் வேண்டும் என்ற நான்கையும் கேட்டு எழுதிக்கொண்டு, அந்த நேரத்துக்கு முன் திருப்பி அழையுங்கள். ‘கருத்துக் கூற விரும்பவில்லை’ என்ற பதில் மறுநாள் பத்திரிகையில் குற்றம் போல நிற்கும். தெரியாத கேள்விக்கு, ‘அது விசாரணையில் இருக்கிறது, உறுதியானதும் நானே உங்களுக்குச் சொல்கிறேன்’ என்று சொல்லி, சொன்னபடி சொல்லுங்கள்.

தெரிந்த பத்திரிகையாளர்தானே, நண்பர்தானே என்று ‘போட வேண்டாம் அண்ணா, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்’ என்று ஆரம்பிக்காதீர்கள். அவருக்கும் ஒரு தொழில் இருக்கிறது. ஊகத்தை அவரிடம் சொன்னால் அது ஊகமாக வெளியே வராது.

கமராவோடு கடை வாசலுக்கு வந்தால் கையால் மறைக்காதீர்கள், கதவைச் சாத்திவிட்டு ஓடாதீர்கள். பேசுபவர் வெளியே வந்து, தண்ணீர் கொடுத்து, அறிக்கையில் உள்ளதையே சொல்லி முடிக்கட்டும்.

9. சமூக ஊடகத்தில்

முதலில் திட்டமிட்டு வைத்த விளம்பரங்களை நிறுத்துங்கள். ‘வார இறுதியில் கொத்துக்கு விசேட கழிவு’ என்ற பதிவு, அறிக்கைக்குக் கீழே தானாக வந்து விழுந்த கடைகள் உண்டு.

கருத்துகளை அழிக்காதீர்கள். இனத்தை இழிவுபடுத்துபவை, தனிப்பட்ட விவரங்களை வெளியிடுபவை என்ற இரண்டை மட்டும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துவிட்டு மறைக்கலாம். ‘எனக்கும் போன மாதம் இப்படி நடந்தது’ என்று எழுதுபவருக்கு உடனே பதில் சொல்லி, எண் கேட்டு, அழையுங்கள். அது உங்கள் விசாரணைக்கு வேண்டிய தகவல்.

ஊழியர்களை வாடிக்கையாளர் போலப் பாராட்டி எழுத வைப்பதும், காணொளி எடுத்தவருக்கு முதல் நாளே சட்டக் கடிதம் அனுப்புவதும் வேண்டாம். இரண்டும் நிச்சயம் வெளியே தெரியவரும். ஒரு வயிற்றுவலிக் கதை அதோடு மிரட்டல் கதையாகிவிடும்.

10. மறுநாளும் அதற்குப் பிறகும்

காலை 8 மணிக்குத் தகவல் தருவதாகச் சொன்னால் 8 மணிக்குத் தாருங்கள். புதிதாக ஒன்றுமில்லை என்றாலும், ‘மூவரில் இருவர் வீடு திரும்பிவிட்டார்கள், மாதிரிகள் எடுக்கப்பட்டுள்ளன, முடிவு இன்னும் வரவில்லை’ என்று எழுதலாம். நோயாளி பற்றிய வரிக்குக் குடும்பத்தின் சம்மதம் வேண்டும்.

பிழை உங்களுடையது என்று தெரிந்துவிட்டால் மன்னிப்பை நேராகக் கேளுங்கள். ‘யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்’ என்று சுற்றி வளைக்க வேண்டாம். என்ன நடந்தது, எங்கே தவறினோம், எதை மாற்றிவிட்டோம், பாதிக்கப்பட்டவர்களுக்கு என்ன செய்கிறோம் என்று சொல்லுங்கள். அதைக் குடும்பத்தாரிடம் நேரில் சொல்லிவிட்டு, பிறகு பொதுவில் சொல்லுங்கள். நட்ட ஈடு தரும்போது ‘இதைப் பற்றி இனிப் பேசமாட்டோம்’ என்று கையெழுத்து வாங்கப் போகாதீர்கள், அதுவும் வைத்தியசாலைக் கட்டிலில் வைத்து.

கடையைத் திறக்கும் நாளை விற்பனை பார்த்து முடிவு செய்யாதீர்கள். பரிசோதகர் அனுமதித்து, மாற்ற வேண்டியதை மாற்றிய பிறகு திறந்து, என்ன மாற்றினீர்கள் என்று கதவிலேயே மூன்று மொழியிலும் ஒட்டுங்கள்.

ஆய்வு முடிவு வர நாளெடுக்கும். அது வரும்போது யாரும் கேட்கமாட்டார்கள், எல்லோரும் மறந்திருப்பார்கள், பேசாமல் இருந்துவிடலாம் என்று தோன்றும். அதே பக்கத்தில், முதல் அறிக்கை போட்ட அதே இடத்தில், முடிவு எதுவாக இருந்தாலும் போடுங்கள்.

அந்த வாரத்திலேயே சம்பந்தப்பட்ட எல்லோரையும் இருத்தி உண்மைத் தாளை முதல் வரியிலிருந்து வாசியுங்கள். சமையற்காரரும் காசாளரும் கட்டாயம் அதில் இருக்க வேண்டும். எந்த அழைப்பு பிந்தியது, யாருடைய எண் வேலை செய்யவில்லை, எந்த முடிவுக்காகக் காத்திருந்தோம் என்று குறித்துக்கொண்டு, காசாளர் மேசையில் ஒட்டியிருக்கும் தாளை அன்றைக்கே மாற்றுங்கள்.